சிங்கப்பூர்த் தமிழரின் விறகடுப்பு

சமைத்தலைக் குறிக்கும் 'அடு' என்னும் வேரிலிருந்து அடுப்பும் அட்டிலும் அடிசிலும் பிறந்தன என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். ஆயினும் எரிகின்ற விறகடுப்பைக் கண்ணாற் கண்ட மாணவர் இன்று மிகச் சிலரே. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனிடம் எடுத்துரைக்கும்போது, சமையலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருப்பதைக் குறிப்பிடுகிறார். இப்பாடலை நான் நடத்தியபொழுது மாணவி ஒருத்தி எழுந்து, "அடுப்பில் எப்படி ஐயா காளான் முளைக்கும்? அது இரும்பல்லவா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

புலவர் கண்ட அடுப்பு மண்ணடுப்பு. மண் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நாள்தோறும் எரியும் நெருப்பே அவ்வீரத்தை உலர்த்தி அடுப்பைக் காக்கிறது. சில வாரங்கள் தீ மூட்டாமல் விட்டால் மண் நெகிழும், பூசணம் படரும், பிறகு காளானும் தலைகாட்டும். மழைக்குப் பஞ்சமில்லாத சிங்கப்பூரில் இது இன்னும் விரைவாக நிகழும். ஆகவே புலவர் கூறியது கற்பனை அன்று. அடுப்பைப் பற்றிய பழுதறிக்கை.

சிங்கப்பூரில் தமிழர் பெருகி வாழ்ந்த சிராங்கூன் சாலைப் பகுதி தொடக்கம் முதலே நெருப்போடு பழகிய நிலம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் எரிந்தன. நம்மவர் அவ்விடத்தைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே வழங்கினர். கம்போங் காப்பூர் என்னும் மலாய்ப் பெயருக்கும் பொருள் அதுவே. பின்னர் மாட்டுத் தொழில் அங்கே செழித்ததற்குக் கெர்பாவ் சாலையும் கண்டாங் கெர்பாவும் இன்றளவும் சான்று கூறுகின்றன. 'கெர்பாவ்' என்றால் எருமை. களிமண்ணும் சாணமும் கைக்கெட்டிய தொலைவில் கிடைத்த ஊரில், ஊர்விட்டு வந்தவர்கள் தம் ஊர் அடுப்பையே மறுபடியும் கட்டிக்கொண்டதில் வியப்பில்லை என்பது என் கருத்து. கடைவீடுகளில் சமையற்கட்டு பின்புறத்தில், வானம் பார்த்த முற்றத்தை ஒட்டி அமைந்தது. புகை போக அதுதான் வழி.

எரிபொருளோ இம்மண்ணுக்கே உரியது. ஊரில் வேலமரமும் பனைமட்டையும் எரித்தவர்கள் இங்கே 'பாக்காவ்' எனப்படும் கண்டல் மரத்துக்கு மாறினர். கனமான கட்டை அது. நன்கு உலர்ந்தால் நின்று எரியும். அதன் கரி இன்னும் சிறந்தது. பேராக் மாநிலத்தின் மாத்தாங் கண்டற்காட்டு மரத்தைக் கோல செப்பெத்தாங்கின் சூளைகளில் இன்றும் கரியாக்குகிறார்கள். சிங்கப்பூருக்குக் கரியும் விறகும் தொங்காங் என்னும் பெரும்படகுகளில் வந்தன. தஞ்சோங் ரூ கரை அவ்வணிகத்திற்குப் பல்லாண்டுகள் பெயர்பெற்றிருந்தது.

என் அப்பாயி செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு அருகே ஒரு கம்பத்தில் வாழ்ந்தவர். அவருடைய அடுப்புக்கு இரண்டு வாய். முதல் வாயில் சோறு. அதன் கழிவனலை ஏற்கும் கொடியடுப்பில் இரசமோ பாலோ. பள்ளி விடுமுறையில் நான் அங்குச் சென்றால் சுள்ளி பொறுக்குவதும் ஊதாங்குழல் ஊதுவதும் என் வேலை. எட்டு வயதில் ஒருநாள் கண்ணீர் வழிய ஊதிக்கொண்டிருந்தேன். அப்பாயி குழலைப் பிடுங்கிக்கொண்டு, "ஊதாதடா. அதுக்கு மூச்சு முட்டுது" என்றார்.

பானையை இறக்கிக் காட்டினார். அடுப்பின் விளிம்பில் இருக்கவேண்டிய மூன்று குமிழ்களும் தேய்ந்து மழுங்கியிருந்தன. குமிழ்கள் பானையைத் தாங்குவதற்கு மட்டும் உரியன என்று எண்ணியிருந்தேன். அவை பானைக்கும் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விடுகின்றன. சூடான காற்று அவ்வழியே மேலேறும். அது ஏறினால்தான் வாய்வழியே புதுக்காற்று உள்ளே வரும். குமிழ் தேய்ந்தால் பானை விளிம்போடு ஒட்டி உட்கார்ந்துவிடும். பிறகு புகை வந்த வழியே திரும்பி, ஊதுகிறவன் முகத்தில் அடிக்கும்.

அன்று மாலையே பழுதுபார்த்தல் தொடங்கியது. புற்றுமண்ணைச் சலித்து, உமியும் சிறிது சாணமும் சேர்த்துப் பிசைந்து ஓரிரவு புளிக்கவிட்டார். மறுநாள் பழைய குமிழ்களைச் சுரண்டி, நீர் தெளித்து ஈரமாக்கிய பின்பே புதுமண்ணை அப்பினார். உலர்ந்த மண்ணின்மேல் ஈரமண் ஒட்டாது, காய்ந்ததும் தோலுரிந்துவிடும். இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு, மூன்றாம் நாள் சிறு சுள்ளியால் இளந்தீ மட்டும் மூட்டினார். அவசரப்பட்டுப் பெருந்தீ வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மண்ணைப் பிளக்கும் என்பதை அவர் எந்தப் பாடநூலிலும் படித்தவர் அல்லர். 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்று கேட்டவர்கள் அடுப்பூதிப் பார்த்தவர்கள் அல்லர் போலும்.

புகைக்கு வேறு காரணங்களும் உண்டு. சாம்பல் நிறைந்தால் விறகின் அடியில் காற்று புகாது. ஆகவே விடியலில் முதல் வேலை சாம்பல் அள்ளுவது. விறகு ஈரமானால் நெருப்பின் சூடு அந்நீரைக் கொதிக்கவைப்பதிலேயே செலவாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மறுநாளைய விறகை முதல்நாளே அடுப்பின் பக்கத்தில் அடுக்குவார், ஆனால் ஒரு முழம் தள்ளியே.

அந்த ஒரு முழம் அச்சத்தின் அளவு. கூரையோ அத்தாப்பு. 1959 பிப்ரவரியில் தியோங் பாரு கம்பம் எரிந்தது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது, நால்வர் மாண்டனர். அத்தீயின் காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் தீவெங்கும் அத்தாப்புக் கூரையின்கீழ் அடுப்பெரித்த ஒவ்வொருத்தியும் அன்றிரவு தன் அடுப்பைத் திரும்பிப் பார்த்திருப்பாள். அப்பாயி படுக்குமுன் தணலைச் சாம்பலால் மூடி, அடுப்புவாயில் ஓட்டுச்சில்லு ஒன்றைச் சாத்துவார். நீறு பூத்த நெருப்பு நமக்கு மரபுத்தொடர். அவருக்கு அது நாளைய தீக்குச்சிச் செலவு.

1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் இவ்வரலாற்றை முடித்துவைத்தன. இடையில் மண்ணெண்ணெய் அடுப்பு சிறிது காலம் ஆண்டது; பிறகு எரிவாயு. அப்பாயியும் 1970களின் இறுதியில் மாடிக்கு வந்தார். விறகடுப்பை நினைத்து அவர் வருந்தியதாக எனக்கு நினைவில்லை. நாற்பதாண்டுப் புகை அவர் நெஞ்சில் தங்கியிருந்தது. இருமல் மாடிக்கும் உடன் வந்தது. பழமையைப் போற்றுவோர் இதனை மறைத்து எழுதுவது முறையன்று. வீட்டுப் புகையால் உலகில் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இறக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது.

புகையில்லா அடுப்புக்கான முயற்சிகள் பழையவை. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு 1950களிலேயே புகைக்கூண்டு வைத்த மண்ணடுப்பை வகுத்தார். இந்திய அரசு 1983இல் நாடளாவிய திட்டமொன்றைத் தொடங்கியது. பின்னாளில் எஸ்தர் டூஃப்லோ முதலிய பொருளியலறிஞர்கள் ஒடிசாவில் இத்தகைய அடுப்புகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். முதலாண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன்பின் அப்பயன் மறைந்துவிட்டது. அடுப்புகள் முறையாகப் பேணப்படவில்லை. பலர் பயன்படுத்தவும் இல்லை. அடுப்பைக் கொடுத்தவர்கள் அதனைப் பேணும் நேரத்தையும் பழக்கத்தையும் கொடுக்க இயலவில்லை என்றே நான் இதனைப் படிக்கிறேன்.

இங்கு விறகு எரிவதை மாணவர் காண்பது பெரும்பாலும் பொங்கலன்றுதான். ஒருமுறை எங்கள் பள்ளித் திடலில் செங்கல் அடுக்கி மூட்டிய அடுப்பு புகைந்துகொண்டே இருந்தது. இளம் ஆசிரியர் ஒருவர் மண்ணெண்ணெய் தேடி ஓடினார். நான் பானையை இறக்கச் சொல்லி, செங்கல் விளிம்பில் மூன்று ஓட்டுத் துண்டுகளை வைத்தேன். காளானைப் பற்றிக் கேட்ட மாணவி குனிந்து, அந்த இரண்டு விரல் இடைவெளியில் சுடர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் பால் பொங்கியது.