எல்லை கடக்கும் வரைபடம்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு நோக்கிச் செல்லும் அன்பர்கள், வாளையாற்றைக் கடந்த சிறிது நேரத்தில் கஞ்சிக்கோட்டை அடைவர். 1956 அக்டோபர் முடிய சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவில் அடங்கியிருந்த பகுதி அது. அங்கே 1976-ஆம் ஆண்டில் இந்தியத் தொலைபேசித் தொழில் நிறுவனமாகிய ஐ.டி.ஐ. ஓர் ஆலையை நிறுவியது. தொலைபேசி இணைப்பகங்களுக்கு வேண்டிய மின்னணுச் சாதனங்கள் அங்கே உருவாயின. அத்தகைய சாதனங்களுக்கு உயிர்நிலையாக விளங்குவது சர்க்யூட் போர்டு எனப்படும் மின்சுற்றுப் பலகையாகும்.

பலகையை ஓரிடத்தில் ஒருவர் வடிவமைக்கிறார். வேறோரிடத்தில் வேறொருவர் செய்கிறார். இவ்விருவருக்கும் இடையே தூது செல்வது வரைபடம். அத்தூது பொருள் மாறாமல் போய்ச் சேருவது எங்ஙனம்?

ஆதியில் வடிவமைப்போர், பலகையைப்போல் இரண்டு அல்லது நான்கு மடங்கு பெரிய தாளில் கறுப்பு நாடாக்களைக் கையால் ஒட்டினர். அதனைப் புகைப்படமாக்கிச் சுருக்கினர். வியன்னாவில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1940-இல் அமெரிக்காவில் குடியேறிய ஜோசப் கெர்பர் என்பாரின் நிறுவனம், இவ்வேலைக்கு 1960-களில் யந்திரம் கண்டது. பிலிமின் மீது ஒளிக்கதிரால் வரையும் யந்திரம் அது. அதற்கு இடப்பட்ட கட்டளைகளே பிற்காலத்தில் ‘கெர்பர்’ கோப்பு என உலகெங்கும் வழங்கலாயின.

ஆனால் ஒரு குறை இருந்தது. கோடு எவ்விடத்தில் செல்லவேண்டும் என்பதைக் கோப்பு கூறிற்று. அதன் அகலம் எவ்வளவு என்பதோ தனிப் பட்டியலில் இருந்தது. பட்டியல் தவறினால் வரைபடம் ஊமையாகிவிடும். 1998-இல் வெளியான விரிவுபெற்ற கெர்பர் வடிவம், அவ்விவரத்தையும் கோப்பினுள்ளேயே அடக்கியது. செம்புப் படலம், பச்சைப் பூச்சு, எழுத்துகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு, துளைகளுக்கு வேறொன்று.

பலகையை ஏற்கும் பெட்டியைச் செய்பவருக்கோ செம்புத் தடங்கள் வேண்டா; விளிம்பும் திருகுத் துளைகளும் போதும். அவருக்கு உதவுவது, 1982 டிசம்பரில் ஆட்டோகேட் மென்பொருளுடன் வந்த டி.எக்ஸ்.எஃப். வடிவம். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய டி.எக்ஸ்.எஃப். கோப்புகளில் எண்கள் இருக்கும். அவை எந்த அளவையைச் சார்ந்தவை என்ற குறிப்பு இராது. 100 மில்லிமீட்டரை 100 அங்குலம் எனக் கொண்டால் பலகை 25.4 மடங்கு பெரிதாகிவிடும்! ஆகவே அனுபவம் மிக்க தொழிலாளர், கோப்பைப் பெற்றவுடன் தெரிந்த ஒரு நீளத்தை முதலில் அளந்து பார்ப்பர்.

பிறந்த இடத்தில் எல்லாரும் அறிந்த ஒன்றை எழுதிவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. வெளியிடம் செல்லும்போதுதான் அது இன்றியமையாததாகிறது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இதனை நன்கு அறிவர். சொல்லாமல் விட்ட ஒரு விவரத்தால் ஆயிரம் பலகைகள் வீணாகக்கூடும். சொல்லியனுப்பினாலோ, முகமறியாத இரு தொழிலாளர் ஒரே பொருளைச் செம்மையாகச் செய்து முடிப்பர்.