பாடம் வீட்டில், வினா வகுப்பில்
தலைகீழ் வகுப்பறை: ஆசிரியர்க்கு ஒரு வரலாற்று அறிமுகம்

ஆசிரியர் பயிற்சி முகாம்களில் அண்மைக் காலமாக ‘தலைகீழ் வகுப்பறை’ என்னும் சொற்றொடர் மிகுதியாக வழங்குகிறது. வழக்கமான பள்ளியில் ஆசிரியர் வகுப்பில் பாடத்தை விரித்துரைக்கிறார். மாணவர் வீடு சென்று பயிற்சி செய்கிறார். இம்முறையிலோ மாணவர் பாடத்தை முன்னதாகவே தாமே படித்தோ, பதிவு செய்யப்பட்ட விளக்கத்தைக் கேட்டோ வருகிறார். வகுப்பு நேரம் ஐயம் அகற்றுவதற்கும், கலந்துரையாடுவதற்கும், கற்றதைச் செய்து பார்ப்பதற்கும் செலவிடப்படுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்த ஜானதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் ஆகிய இருவரும் 2007இல் இதனைக் கையாளத் தொடங்கினர். விளையாட்டுப் போட்டிகளுக்காக வெளியூர் சென்று பாடத்தை இழந்த மாணவர்க்கென அவர்கள் தங்கள் விளக்கங்களைப் பதிவு செய்து வழங்கியதே இதன் தொடக்கம். 2012இல் அவர்கள் எழுதிய நூலின் வழியாக இப்பெயர் உலகெங்கும் பரவிற்று.

பெயர் புதிதாயினும் கருத்து புதிதன்று. அதன் வரலாற்றில் தமிழகத்திற்கும், திருச்சபையின் கல்விப் பணிக்கும் கணிசமான பங்குண்டு. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, அது நம் ஆசிரியர்க்கும் ஆயர்க்கும் கற்பிப்பது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நன்னூலார் வகுத்த கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியன் இலக்கணத்தையும் மாணாக்கன் இலக்கணத்தையும் வகுத்துரைக்கிறார். அங்கே கல்வி நிறைவு பெறும் வகையைப் பற்றி அவர் தரும் கணக்கு நம் கவனத்திற்குரியது. ஆசிரியர் கூறுவதை மாணாக்கன் எவ்வளவு செவ்வனே ஏற்றுக் கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகிக் கற்பதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கோ அவன் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும்.

ஆசிரியர் உரையை இகழ்வது அவர் கருத்தன்று. பாடங்கேட்டலுக்குரிய பணிவையும் ஒழுங்கையும் அவர் விரிவாகவே விதிக்கிறார். ஆயினும் கேட்டல் என்பது கல்வியின் தொடக்கமேயன்றி முடிவன்று என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார். நமது பள்ளிகளிலும் இறையியல் கல்லூரிகளிலும் வகுப்பு நேரம் பெரும்பாலும் அந்த முதற் காற்பங்கிற்கே செலவாகிறது. எஞ்சிய முக்காற்பங்கு மாணவரின் தனிமைக்கு விடப்படுகிறது. தலைகீழ் வகுப்பறை மாற்ற விரும்புவது இந்தப் பங்கீட்டையே.

2. திண்ணையும் மணலும்

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காக ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை அவருடைய மாணவரோடு தம் இல்லத்திற்கே வரவழைத்தார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். இறையியல் பட்டறிவோடு வந்த ஓர் ஐரோப்பியர் சிறு பிள்ளைகளைத் தம் உடன்மாணாக்கராகக் கொண்டார் என்பது, தமிழகத் திருச்சபையின் கல்வி வரலாற்றில் சிந்திக்கத்தக்க தொடக்கமாகும்.

திண்ணைப் பள்ளியின் அமைப்பை நாம் ஓரளவு அறிவோம். ஒரே ஆசிரியரிடம் பல வயதினரும் பயின்றனர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுப்பான். ஒவ்வொரு பிள்ளையும் தன் சுவடியின்படி தன் வேகத்தில் முன்னேறினான். எல்லார்க்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் என்னும் ஏற்பாடு அங்கில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் கல்லூரிகளும், அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர். அவ்விசாரணைக்கு விடையளித்த பெல்லாரி ஆட்சியர் கேம்பெல், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அதன் செலவுக் குறைவையும் பாராட்டினார். அதே அறிக்கையில், பொருள் உணராது செய்யுள்களை ஒப்பிக்கும் வழக்கத்தையும், தகுதி வாய்ந்த ஆசிரியர் இன்மையையும் குறைகளாகச் சுட்டினார்.

அவர் சுட்டாத பெருங்குறை ஒன்றும் உண்டு. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் அத்திண்ணைகளில் பெரும்பாலும் ஏற்றப்படவில்லை. பெண்பிள்ளைகளும் மிகச் சிலரே பயின்றனர். ஆகவே திண்ணைப் பள்ளியின் நன்மைகளைப் போற்றும்போது, அத்திண்ணைக்குக் கீழே நின்றவர்களை நாம் மறத்தலாகாது.

3. எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரினரான ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கென நிறுவப்பட்ட ஆண்கள் ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்ட அவர், அதனைத் தம் இல்லத்திலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த துணையாசிரியர்கள் அது இயலாதென்றனர். எனவே எட்டு வயதினனான ஜான் ஃபிரிஸ்கன் என்னும் மாணவனிடமே எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். துணையாசிரியர்கள் இயலாதென்றதை அச்சிறுவன் செய்து காட்டினான். நாளடைவில் வகுப்புகள் பலவும் மாணவர் கைக்கே வந்தன.

1796இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டு தம் சோதனையை லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்னும் பெயரில் அது பரவிற்று. 1798இல் லண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், ஏறத்தாழ இதே முறையை வேறு அமைப்பில் வளர்த்தார். 1811இல் நிறுவப்பட்ட தேசியச் சங்கம் பெல்லின் முறையைத் தன் பள்ளிகளில் மேற்கொண்டது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர் பெற்றுள்ளது.

எனினும் இம்முறையின் பிற்கால வரலாறு எச்சரிக்கை தருவது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்ற சிக்கனமே பலரைக் கவர்ந்தது. உடன்பயில்வோர் ஒருவரையொருவர் வினவித் தெளியும் உறவு மறைந்து, கட்டளைக்கேற்ப ஒப்பிக்கும் அணிவகுப்பாக வகுப்பு மாறிற்று. 1846இல் இங்கிலாந்தில் பயிற்சி மாணவ ஆசிரியர் திட்டம் வந்தபின் சட்டாம்பிள்ளை முறை தன் செல்வாக்கை இழந்தது. நல்லதொரு கற்பித்தல் முறை, செலவைக் குறைக்கும் கருவியாக மட்டும் கையாளப்பட்டால் அதன் உயிர் போய்விடுகிறது என்பதே இதன் பாடம். இன்று பதிவு செய்யப்பட்ட பாடங்களைக் காட்டி ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்கலாம் எனக் கருதுவோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வது நலம்.

4. வீடு நோக்கிச் சென்ற இறையியல் கல்லூரி

தலைகீழ் வகுப்பறையின் மிக நெருங்கிய முன்னோடியை இறையியல் கல்வியிலேயே காண்கிறோம். நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி 1963இல் ஒரு துணிவான முடிவை எடுத்தது. விடுதியில் தங்கிப் பயின்ற மாணவருள் மிகச் சிலரே ஆயர் பணியில் நிலைத்தனர். சபைகளை உண்மையில் நடத்தி வந்தோரோ உழவரும் வணிகரும் குடும்பத் தலைவருமாகிய பொதுநிலையினர். அவர்களால் ஊரையும் தொழிலையும் விட்டு ஆண்டுக்கணக்கில் தலைநகரில் தங்க இயலாது. ஆகவே ரால்ஃப் விண்டர், ஜேம்ஸ் எமரி, ராஸ் கின்ஸ்லர் ஆகியோரின் முயற்சியால், தாமே கற்கத்தக்க பாடநூல்கள் எழுதப்பட்டன. மாணவர் வார நாள்களில் வீட்டிலிருந்தே பயின்றனர். ஆசிரியர் குறித்த மையங்களுக்குச் சென்று அவர்களைச் சந்தித்தார். சந்திப்பு நேரம் விரிவுரைக்கன்று, கலந்துரையாடலுக்கே ஒதுக்கப்பட்டது.

விரிவாக்க இறையியல் கல்வி எனப்படும் இவ்வியக்கம் விரைவில் பல நாடுகளிலும் பரவிற்று. இந்தியாவில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1971இல் இதற்கென ஒரு கூட்டமைப்பு தோன்றியது. முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் இந்திய மொழிகளிலும் அது பாடங்களை வழங்கலாயிற்று. 1972இல் டெட் வார்ட், சாமுவேல் ரோவன் என்னும் கல்வியாளர் இதன் அமைப்பை ஒரு மரவேலிக்கு ஒப்பிட்டு விளக்கினர். வேலியின் மேற்சட்டம் நூலறிவு. கீழ்ச்சட்டம் அன்றாடப் பணியின் பட்டறிவு. இவ்விரண்டையும் இடைவெளி விட்டுப் பிணைத்து நிறுத்தும் தூண்களே வாராந்தரக் கூட்டங்கள். தூண் இல்லையேல் சட்டங்கள் இரண்டும் தரையில் விழும். தலைகீழ் வகுப்பறையிலும் வகுப்பின் இடம் இதுவே.

புதுவையிலும் இக்கருத்துக்குச் சான்று உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தில் 1943இல் தொடங்கிய பள்ளி, 1960களில் ‘சுதந்திர முன்னேற்ற முறை’யை மேற்கொண்டது. மாணவர் தம் விருப்பிற்கும் ஆற்றலுக்கும் ஏற்பத் தாமே பயில, ஆசிரியர் உடனிருந்து வழிகாட்டுவார்.

5. ஆசிரியரைப் பயிற்றுவித்தல்

இம்முறையை ஆசிரியர்க்கு அறிமுகம் செய்வோர் பெரும்பாலும் ஒரு தவறு செய்கின்றனர். விரிவுரை கூடாதென்பதை மூன்று மணி நேர விரிவுரையால் விளக்குகின்றனர். ஆசிரியர் தாம் கற்ற முறையிலேயே கற்பிப்பர் என்பது அனுபவ உண்மை. எனவே பயிற்சி முகாமே தலைகீழாக அமைதல் வேண்டும். முகாமுக்கு ஒரு வாரம் முன்னரே இரண்டு பக்கக் குறிப்பை அனுப்பி, படித்தபின் எழும் ஐயம் ஒன்றை எழுதி வருமாறு கேட்கலாம். முகாம் அவ்வையங்களிலிருந்தே தொடங்கட்டும்.

வகுப்பை நடத்தும் வகைக்கு ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட முறை எளிய எடுத்துக்காட்டு. மாணவர் முன்னதாகவே பாடத்தைப் படித்து வருவர். ஆசிரியர் கருத்தை ஆழமாகத் தொடும் வினா ஒன்றை எழுப்புவார். ஒவ்வொருவரும் தனித்துச் சிந்தித்து விடை குறிப்பர். பின்னர் அடுத்திருப்பவரோடு வாதிட்டு மீண்டும் விடை கூறுவர். அதன் பின்னரே ஆசிரியர் விளக்குவார். நன்னூலார் கூறிய இரண்டாம் காற்பங்கும் இறுதி அரைப்பங்கும் இங்கு வகுப்பிற்குள்ளேயே இடம் பெறுகின்றன. இதற்கு எந்தக் கருவியும் இன்றியமையாததன்று. கையை உயர்த்தி விடை காட்டினாலும் போதும்.

முன்பாடம் சுருக்கமாக இருத்தல் வேண்டும். ஒரே கருத்து, ஒரே வினா என்பது நல்ல அளவு. படித்து வராதவர்க்காக ஆசிரியர் வகுப்பில் பாடத்தை மீண்டும் முழுவதும் சொல்லத் தொடங்கினால், படித்து வந்தவர் அடுத்த முறை படித்து வாரார். படித்து வராதவரை ஒரு மூலையில் அமர்த்தி அக்குறிப்பைப் படிக்கச் செய்துவிட்டு, ஏனையோருடன் பணியைத் தொடர்வதே தக்கது.

6. விளக்கு இல்லாத வீடு

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வீட்டிலே கற்று வா என்று கூறுகிறோமே, கற்பதற்கேற்ற வீடு யாருக்கு இருக்கிறது? வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஒதியம்பட்டு போன்ற ஓர் ஊரை எண்ணிப் பார்ப்போம். அத்தகைய ஊர்களில் ஒரே வகுப்பிலுள்ள இரு பிள்ளைகளின் மாலைப் பொழுது ஒன்றாக இராது. ஒரு பிள்ளைக்குத் தனி அறையும், கைப்பேசியும், கற்ற பெற்றோரும் இருக்கலாம். மற்றொரு பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக் கொண்டு, வேலைக்குச் சென்ற தாயின் வருகையை எதிர்நோக்கி இருக்கலாம். வீட்டை வகுப்பறையாக்கும்போது வீடுகளின் ஏற்றத்தாழ்வும் வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது.

2020இல் கொள்ளை நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று. தமிழகத்தின் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. மேற்சட்டம் இருந்தது, தூண் இல்லை. வினாவைக் கேட்க மறுபுறம் ஒருவர் இன்றிப் பல பிள்ளைகள் பின்தங்கினர். அதனால்தான் 2021 அக்டோபரில், புதுவைக்கு வடக்கே மரக்காணம் பகுதியில் தொடங்கி வைக்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில், தன்னார்வலர் மாலை வேளைகளில் பிள்ளைகளை அவர்கள் வாழும் தெருவிலேயே கூட்டிக் கற்பிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

திருச்சபையின் பொறுப்பு இங்குதான் தொடங்குகிறது. திண்ணையில் இடம் மறுக்கப்பட்டவர்க்குப் பள்ளி திறந்தது நம் முன்னோரின் பணி. தலைகீழ் வகுப்பறையில் வீட்டில் இடம் இல்லாதவர்க்கு ஓர் இடம் தருவது நம் பணி. அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஞாயிறு தவிரப் பிற நாள்களில் பூட்டிக் கிடக்கும் ஆலய அறையை மாலை ஆறு முதல் எட்டு வரை எச்சமயத்துப் பிள்ளைகளுக்கும் திறந்து வைக்கலாம். அங்கு விளக்கும், பாயும், பாடங்கள் பதிந்த ஒரு கருவியும், உடனிருக்க ஓர் இளைஞரும் போதும். அவ்விளைஞர் பாடம் நடத்த வேண்டியதில்லை. பிள்ளை எழுப்பும் ஐயத்தைக் குறித்துக் கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் சேர்ப்பித்தாலே பாதி வேலை முடிந்தது.

இறையியல் மாணவர் தம் களப்பணி ஆண்டில் இதனை ஓர் ஊரிலேனும் செய்து பார்க்கலாம். ஒரு பருவம் முழுவதும் நாள்தோறும் எத்தனை பிள்ளைகள் வந்தனர், எவ்வினாக்கள் திரும்பத் திரும்ப எழுந்தன, யார் வாராது நின்றனர், ஏன் நின்றனர் எனக் குறிப்பேட்டில் பதிந்து வைப்பது பயன் தரும். வாராது நின்ற பிள்ளையின் பெயரே அக்குறிப்பேட்டில் முதலில் படிக்கப்பட வேண்டியது.