‘வேறெங்காவது போய்ப் படி’: சட்டக் கல்லூரிகளும் நாமும்

முதலாண்டு முடிந்த கையோடு வேறு சட்டக் கல்லூரிக்கு மாற முடியுமா என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். சரவணம்பட்டியின் ஐ.டி. கம்பெனிக் கட்டடங்களுக்குப் பின்னால் வளவுகள் இன்னும் வளவுகளாகத்தான் இருக்கின்றன. அங்கிருந்து வருகிற பிள்ளைகள். தெற்கே சீட்டு கிடைத்துப் போனவர்கள் மருதமலை ரோட்டில் இருக்கிற கோவை அரசு சட்டக் கல்லூரிக்கு வந்துவிடப் பார்க்கிறார்கள். இங்கே படிக்கிறவர்கள் சென்னைக்குப் போய்விடப் பார்க்கிறார்கள். காரணம் கேட்டால் விடுதிச் சாப்பாடு என்பார்கள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் மற்றது வரும். “எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சுங்ணா. புது எடம்னா கொஞ்ச நாளைக்காச்சும் தெரியாம இருக்குமில்லீங்க?”

என்ன தெரிந்துபோயிற்று என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கோவைக்கு இது புதிதும் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் படித்தது இந்த ஊரில்தான். 1939இல் வெளியான ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அந்த நாட்களைச் சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய நானூறு பிள்ளைகளில் பத்துப் பேர் போக மீதி எல்லாரும் பிராமணர். சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடக் கூடாது என்று மணியடிக்கிற வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பார். வகுப்பு விட்டதும் கூடப் படிக்கிறவர்கள் எட்ட முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடந்துவிடுவார். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவருக்குக் கோவையில் கூட நடந்துவர ஆள் இல்லை.

படிக்கிற இடத்தை மாற்றிக்கொள்வது சிலருக்கு ஏணி. அமெரிக்காவில் சட்டப் படிப்பு மூன்றாண்டு. முதலாண்டில் நல்ல மார்க் வாங்கியவன் இரண்டாமாண்டுக்குப் பேர்போன கல்லூரியாகப் பார்த்து மாறிப் போவது அங்கே சகஜம். அதே அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு இந்த ‘மாற்றம்’ எப்படி வந்தது என்பதை நாம் படிக்க வேண்டும்.

மிசூரி மாநிலத்தின் சட்டக் கல்லூரி லாயிட் கெய்ன்ஸைச் சேர்க்க மறுத்தது. ‘பக்கத்து மாநிலத்தில் போய்ப் படி, பணம் நாங்கள் தருகிறோம்’ என்றது அரசு. இடமும் தருவானாம், பணமும் தருவானாம், தன் வாசலை மட்டும் மிதிக்கக் கூடாதாம். 1938 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மிசூரி அசரவில்லை, கறுப்பர்களுக்கென்று தனிச் சட்டப் பள்ளி ஒன்றை அவசர அவசரமாகத் திறந்தது. 1939 மார்ச்சில் சிகாகோவில் தபால் தலை வாங்கி வருகிறேன் என்று வெளியே போன கெய்ன்ஸ் திரும்பவே இல்லை. அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

டெக்சாஸில் ஹீமன் ஸ்வெட் தபால்காரர். 1946இல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க மனுப்போட்டார். அவருக்காகவே ஒரு கட்டடத்தின் அடித்தள அறைகளில் தனிப் பள்ளி வைத்தார்கள். வழக்கை நடத்தியவர் தர்குட் மார்ஷல். 1950 ஜூன் 5இல் தீர்ப்பு வந்தது. கட்டடத்தையும் புத்தகத்தையும் மட்டும் எண்ணிப் பார்த்து இரண்டும் சமம் என்று சொல்ல முடியாது என்றார்கள் நீதிபதிகள். கல்லூரிக்கு உள்ள பேர், அங்கே படித்து வெளியே போனவர்களின் செல்வாக்கு, இதெல்லாமும் சேர்ந்ததுதான் சட்டப் படிப்பு; சட்டம் புழங்குகிற மனிதர்களையும் நிறுவனங்களையும் விட்டு ஒதுக்கி வைத்து வக்கீலை உருவாக்க முடியாது. இந்த இடத்தைத் தோழர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம், கீழே சென்னைக்கு வரும்போது தேவைப்படும்.

நம் பக்கத்தில் முதலாண்டோடு படிப்பை விட்டுக் கிளம்ப நேர்ந்தவர் அம்பேத்கரேதான். 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். மறு வருஷமே பரோடா உதவித்தொகை முடிந்துபோய் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் உத்தியோகம் இருந்தது, தங்க வீடு இல்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்ட கதை நமக்கு மனப்பாடம். ஆனால் இன்னொரு விஷயத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. நான்கு வருஷத்துக்குள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் அவர் கப்பலேறினார். பேராசிரியர் எட்வின் கேனன் அதற்கு உதவினார். பம்பாய் சிடனாம் கல்லூரிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, கோலாப்பூர் ஷாகு மகாராஜா கொடுத்தது, நண்பர் நவல் பதேனாவிடம் கடன் வாங்கியது எல்லாம் சேர்த்து 1920இல் லண்டன் திரும்பினார், பாரிஸ்டர் ஆனார். 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கே முதல்வராக உட்கார்ந்தார். இத்தனைக்கும் அடியில் அந்த அனுமதி இருந்தது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். மாறுவது என்ற பேச்சே இங்கே வெகுகாலம் கிடையாது. 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியை விட்டால் வேறு கல்லூரி இல்லை. கோவை வளவிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் ரயிலேற யாரிடம் காசு இருந்தது? 1974இல் மதுரையில் வந்தது, எழுபதுகளின் முடிவில் திருச்சியிலும் கோவையிலும் வந்தன. நம்மில் பல குடும்பங்களின் முதல் வக்கீல் அதற்குப் பிறகுதான் கறுப்புக் கோட்டுப் போட்டார்.

அம்பேத்கர் பெயர் வைத்த சென்னைக் கல்லூரியின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். தேவர் ஜெயந்திப் போஸ்டரில் கல்லூரியின் பெயரை அச்சடித்தவர்கள் அம்பேத்கரை மட்டும் விட்டுவிட்டார்கள். அதில் மூண்ட பகை 2008 நவம்பர் 12 அன்று வளாகத்துக்குள் மாணவர்கள் ஒருவரையொருவர் தாக்குவதில் முடிந்தது, போலீஸ் நின்று வேடிக்கை பார்த்தது. டி.வி.க்காரர்கள் அடியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், போஸ்டரைக் காட்டவில்லை. நீதிபதி சண்முகம் கமிஷன், கல்லூரியை அங்கிருந்து எடுத்துவிடப் பரிந்துரைத்தது. சாதியை எடுக்க வழி தெரியாதபோது கட்டடத்தை எடுப்பது அரசுகளுக்கு லேசு. மெட்ரோ ரயில் வேலையில் கட்டடம் பழுதானதையும் காரணமாகச் சேர்த்துக்கொண்டார்கள். மாணவர்கள் போராடிப் பார்த்தார்கள். 2018இல் கல்லூரி திருவள்ளூர்ப் பக்கம் பட்டரைப்பெரும்புதூருக்கும் கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்துக்கும் பிரிந்துபோனது.

நூறு வருஷத்துக்கு மேலாக உயர் நீதிமன்றத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த கல்லூரி அது. காலையில் வகுப்பு, மதியம் ஐகோர்ட்டில் போய் வாதம் கேட்பது, சாயங்காலம் தம்புச்செட்டித் தெருவில் ஒரு சீனியர் ஆபீசில் கட்டுத் தூக்குவது. அப்பா வக்கீலாக உள்ள பையனுக்கு இது வீட்டிலேயே கிடைக்கும். நம் பிள்ளைக்கு அந்தத் தெருவில்தான் கிடைத்தது. ஸ்வெட் வழக்கில் டெக்சாஸ் நீதிமன்றத்தில் தோற்ற வாதம், அறுபத்தெட்டு வருஷம் கழித்து இங்கே அரசாணையாக ஜெயித்தது.

சரி, பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் நுழைவுத் தேர்வு எழுதி முதலாண்டில் வருபவர்களைத்தான் எடுக்கின்றன. அரசுக் கல்லூரிகளுக்குள் மாற, போகிற இடத்தில் காலியிடம் வேண்டும், இரண்டு பக்கமும் சம்மதம் வேண்டும். இதெல்லாம் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் பொது. நமக்கு மட்டும் உள்ளது வேறொன்று. 1944இல் அம்பேத்கர் வைசிராய் கவுன்சிலில் இருந்த காலத்தில் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் அது. 2010 ஜூலையில் நடப்புக்கு வந்த அதன் விதிகளில் ஒரு வரி இருந்தது: மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் படிக்கும் நிறுவனத்தை மாற்றினால் உதவித்தொகையை ரத்து செய்யலாம், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்கலாம். அவமானம் தாங்காமல் ஒரு கல்லூரியை விட்டு ஓடி வருகிறவள் டி.சி.யை வாங்கிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறிவிடுவாள். ‘முன் அனுமதி’ அவள் மண்டையில் எங்கே ஏறும்?

ஆகவே மாற நினைக்கிறவர்கள் டி.சி. கேட்பதற்கு முன்னால் ஆதிதிராவிடர் நலத்துறைக்கு மனு எழுதுங்கள். எதற்காக மாறுகிறோம் என்பதை அதில் மறைக்காமல் எழுதுங்கள், சாதி சொல்லித் துன்புறுத்தியிருந்தால் நாளும் இடமும் போட்டு எழுதுங்கள். பதில் கைக்கு வந்த பிறகு டி.சி. வாங்கலாம். விடுதிக்குத் தனி மனு.