இடது ஓரம் யாருக்கு உரியது?
சிங்கப்பூர்ச் சாலைகளில் பேருந்துத் தடமும் மிதிவண்டியும்

தடம் என்னும் சொல் தமிழில் பழமையானது. கால் பதிந்த சுவட்டையும் அது குறிக்கும். பலர் நடந்து நடந்து உண்டான வழியையும் குறிக்கும். பேருந்துகள் செல்வதற்கென வண்ணக் கோடிட்டு ஒதுக்கிய சாலைப் பகுதியைச் சிங்கப்பூர்த் தமிழர் ‘பேருந்துத் தடம்’ என வழங்குவது பொருத்தமே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய தடம் நடந்தவர்களின் காலால் உண்டாயிற்று. இப்புதிய தடமோ சட்டத்தால் உண்டாயிற்று. சட்டத்தால் வகுத்த தடத்தில் யார் செல்லலாம், யார் செல்லலாகாது என்னும் வினா எழுவது இயல்பு. அத்தகைய வினாக்களுள் ஒன்று பார்வைக்கு மிகச் சிறியது. பேருந்துத் தடத்தில் மிதிவண்டி செல்லலாமா?

விடையை முதற்கண் சொல்லிவிடுவதில் தவறில்லை. செல்லலாம். சிங்கப்பூரில் பேருந்துத் தடம் நடைமுறையிலுள்ள நேரத்தில் பேருந்து, அவசர ஊர்தி, காவல்துறை ஊர்தி ஆகியவற்றோடு மிதிவண்டிக்கும் அதில் இடமுண்டு. காருக்கும் சரக்கு வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இல்லாத உரிமை, எஞ்சின் இல்லாத இந்த எளிய வண்டிக்குக் கிடைத்தது எவ்வாறு? சாலையில் இரக்கத்தால் யாருக்கும் இடம் கிடைப்பதில்லை. ஆகவே இதன் காரணத்தை நகரத்தின் வரலாற்றிலும் சட்டத்தின் அமைப்பிலுமே தேட வேண்டும்.

வண்டியின் பெயரைப் பற்றி இடையே ஒரு சொல். தமிழகத்தார் மிதிவண்டி என்றனர். சிலர் ஈருருளி என்றனர். இலங்கைத் தமிழர் துவிச்சக்கர வண்டி என்றனர். கடைத்தெருவில் அனைவரும் சைக்கிள் என்றே சொல்லி வந்திருக்கின்றனர். பெயரில் ஒருமையில்லாத இவ்வண்டிக்குச் சாலையிலும் நெடுங்காலம் நிலையான இடமில்லாமற் போனது வியப்பன்று.

ஓரத்திற்கான பூசல்

சாலையின் ஓரம் யாருக்கு உரியது என்னும் பூசல் சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1822ஆம் ஆண்டு இராபிள்ஸ் நகர அமைப்புக் குழுவிற்கு விடுத்த கட்டளைகளுள் ஒன்று, கடைவீடுகளின் முன்னே கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்பது. அதுவே பின்னர் ஐந்தடி வழி எனப் பெயர் பெற்றது. தமிழர் பேச்சில் அது ‘அஞ்சடி’. நடப்போர்க்கென ஏற்பட்ட அவ்வழியில் கடைக்காரர் சரக்கை அடுக்கினர். சிறு வணிகர் தட்டை வைத்தனர். 1888 பிப்ரவரியில் நகராட்சி அவ்வழிகளைத் திறந்துவிட முற்பட்டபோது கடைகள் அடைபட்டன, கலகமும் மூண்டது. ஐந்தடி அகலமுள்ள நிலத்திற்காக ஒரு நகரம் கொந்தளித்தது என்பது இன்று படிப்பதற்கு விந்தையாக இருக்கலாம். அந்த ஐந்தடியே பிழைப்பாக இருந்தவனுக்கு அது விந்தையன்று.

சிராங்கூன் சாலைப் பகுதியின் கதை இன்னும் சுவையானது. அப்பகுதியில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் தமிழர் அதனைச் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். ஊரைக் குறிக்கும் ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் கம்பம் ஆயிற்று. இன்றும் அங்குள்ள கம்போங் கபூர் என்னும் பெயருக்கும் பொருள் சுண்ணாம்பு ஊர் என்பதே. கால்நடை வணிகம் செழித்த இடமும் அதுவே. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் இரு பெயர்களும் ஆங்கிலத்திலும் மலாயிலும் எருமையையே சுட்டுகின்றன. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். கல்கத்தாவிலிருந்து வந்த கால்நடை வணிகரான பெலிலியோஸ் என்பவரின் பெயரும் ஒரு தெருவில் நிலைத்திருக்கிறது. மாடு இழுத்த வண்டியே அன்று நகரின் பெரிய ஊர்தி. குடிதண்ணீரும் அதிலேயே வந்தது. சைனாடவுன் வட்டாரத்தின் மலாய்ப் பெயராகிய கிரேத்தா ஆயர் என்பதற்குத் தண்ணீர் வண்டி என்றே பொருள்.

1880இல் சாங்காயிலிருந்து ரிக்‌ஷா வந்தது. சில ஆண்டுகளில் நீராவி டிராம் வந்து, நெடுநாள் நிலையாமற் போயிற்று. 1905இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அதன் பணிமனையும் மின்நிலையமும் இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டிய மெக்கன்சி சாலையில் அமைந்தன. டிராமுக்குத் தண்டவாளம் உண்டு. எனினும் அது தனித்தடம் அன்று. தெருவிற் பதித்த அத்தண்டவாளத்தின்மீதே ரிக்‌ஷாவும் மாட்டுவண்டியும் சென்றன. 1927இல் டிராம் மறைந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே தலைக்குமேல் மின்கம்பியைப் பற்றிக்கொண்டு ஓடும் டிராலி பேருந்து வந்துவிட்டது. அது 1962 வரை ஓடியது. மனிதனை மனிதன் இழுத்த ரிக்‌ஷா 1947இல் தடை செய்யப்பட்டது. அதன் இடத்தில் மிதிவண்டியோடு பக்கத்தில் இருக்கை பூட்டிய டிரைஷா பெருகியது.

இவ்வரலாறு முழுவதிலும் ஒன்றைக் காணலாம். வண்டிகள் மாறின; சாலை பொதுவாகவே இருந்தது. விரைவாகச் செல்வது நடுவில் செல்லும். மெதுவாகச் செல்வது இடது ஓரத்தில் செல்லும். ஆங்கிலேயர் கொணர்ந்த இடப்பக்கப் போக்குவரத்து முறையில் இடது ஓரம் என்பது மெதுவானவர்களின் பங்கு. மாட்டுவண்டிக்காரனுக்கும் ரிக்‌ஷாக்காரனுக்கும் பின்னர் மிதிவண்டிக்காரனுக்கும் கிடைத்தது அந்தப் பங்கே.

1974

பேருந்தும் இடது ஓரத்திற்கே உரியது. ஏனெனில் அதன் நிறுத்தங்கள் அங்கே இருக்கின்றன. பேருந்துகள் குறைவாக இருந்த காலத்தில் இதனால் பெரிய இடர் எழவில்லை. விடுதலைக்குப் பின் மக்கள் தொகையும் கார்களும் பெருகின. பேருந்துச் சேவையோ பல சிறு நிறுவனங்களிடையே சிதறிக் கிடந்தது. 1971இல் அவை மூன்றாக ஒன்றிணைக்கப்பட்டன. பழைய சிங்கப்பூர் டிராக்‌ஷன் நிறுவனம் அவ்வாண்டிலேயே ஓய்ந்தது. 1973இல் சிங்கப்பூர்ப் பேருந்துச் சேவை என்னும் ஒரே நிறுவனம் உருவாயிற்று. நிறுவனத்தை ஒழுங்குபடுத்தினால் மட்டும் பேருந்து நேரத்திற்கு வந்துவிடாது. அதன் முன்னே கார்கள் நிற்குமாயின் பயன் என்ன? 1974 பிப்ரவரியில் வணிக வட்டாரத்தின் ராபின்சன் சாலையிலும் ஷென்டன் வேயிலும் முதற் பேருந்துத் தடங்கள் வகுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூனில், நகர மையத்திற்குள் நுழையும் கார்கள் கட்டணம் செலுத்தும் முறையும் வந்தது. இரண்டும் ஒரே எண்ணத்தின் இரு கைகள். சாலையின் அளவு வண்டியின் எண்ணிக்கையாற் கணக்கிடத்தக்கதன்று, அதிற் செல்லும் மக்களின் எண்ணிக்கையால் கணக்கிடத்தக்கது என்பதே அவ்வெண்ணம்.

இங்கேதான் மிதிவண்டியின் சிக்கல் தொடங்குகிறது. மிதிவண்டி ஓட்டுபவர் இயன்ற அளவு சாலையின் இடது ஓரமாகவே செல்ல வேண்டும் என்பது போக்குவரத்து விதி. நடைபாதையில் ஏறினால் குற்றம். 2007இல் தெம்பனிசில் சோதனையாகத் தொடங்கி 2010இல் அந்நகரில் சட்டபூர்வமாக இசைவளிக்கும் வரை நிலைமை அதுவே. விரைவுச்சாலைகளிலோ சுரங்கச் சாலைகளிலோ நுழைய இசைவு இல்லை. ஆக, சட்டம் அவருக்கு விட்டுவைத்தது சாதாரணச் சாலையின் இடது ஓரம் ஒன்றே. அந்த ஓரத்தைப் பேருந்துக்கு மட்டும் என ஒதுக்கினால் அவர் எங்கே செல்வார்? இரண்டாம் தடத்தில் செல்ல வேண்டும். அங்கே இடப்பக்கம் பேருந்து, வலப்பக்கம் கார்; நடுவே இரண்டு மெல்லிய சக்கரங்களின்மேல் ஒரு மனிதர். நிறுத்தத்திலிருந்து புறப்படும் பேருந்தும் முந்திச் செல்ல முனையும் காரும் ஒரே கணத்தில் அவரை நெருங்கினால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு விதி ‘இடது ஓரத்தில் செல்’ என்று கட்டளையிட, மற்றொரு விதி ‘இடது ஓரத்தில் நுழையாதே’ என்று தடுக்குமாயின், இரண்டிற்கும் கீழ்ப்படிபவர் சாலையை விட்டே நீங்க வேண்டும்.

ஆகவே மிதிவண்டிக்குப் பேருந்துத் தடத்தில் அளித்த இசைவைச் சலுகை எனக் கருதுவது பிழை. அது இரு விதிகளுக்கிடையே எழும் முரணைத் தீர்க்கும் வழி. கார் ஓட்டுபவர் சிலர், ‘எமக்கு இல்லாத உரிமை அவர்க்கு எதற்கு?’ எனக் கேட்பதுண்டு. காருக்கு வேறு தடங்கள் உண்டு. மிதிவண்டிக்கு அந்த ஓரத்தைத் தவிர வேறு தடமில்லை.

இம்முரண் எல்லா நாட்டிலும் எழுவதில்லை என்பது கருதத்தக்கது. தில்லியில் 2008இல் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்திற்கும் இடையே அமைந்த பேருந்து வழி சாலையின் நடுவே சென்றது; மிதிவண்டிக்கு ஓரத்தில் தனிப்பாதை இருந்தது. பேருந்து நடுவில் சென்றால் ஓரத்திற்கான போட்டி இல்லை. அவ்வழி 2016இல் அகற்றப்பட்டதற்குக் காரணம் கார்ப் போக்குவரத்தின் முறையீடுகளே. பாரிசிலோ 1964இலும் இலண்டனில் வாக்ஸால் பாலத்தில் 1968இலும் வகுத்த தடங்கள் சிங்கப்பூரைப் போல் ஓரத்தை ஒட்டியவை. அவ்விரு நகரங்களும் காலப்போக்கில் மிதிவண்டிக்குப் பெரும்பாலான பேருந்துத் தடங்களைத் திறந்துவிட்டன. ஓரத்தடம் அமைத்த நகரங்கள் வெவ்வேறு வழிகளில் சென்றும் ஒரே முடிவிற்கு வந்தன.

மணியும் கோடும்

சிங்கப்பூரின் இன்றைய விதிகளைச் சற்று நுணுகிப் பார்த்தால் சில வியப்புகள் புலப்படும். மஞ்சள் கோடிட்ட சாதாரணப் பேருந்துத் தடம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.30 முதல் 9.30 வரையும், மாலை 5 முதல் 8 வரையும் நடைமுறையில் இருக்கும். மஞ்சளோடு சிவப்புக் கோடும் சேர்ந்தால் அது முழுநாள் தடம். 2005இல் தோன்றிய இம்முறை, திங்கள் முதல் சனி வரை காலை 7.30 தொடங்கி இரவு 11 மணி வரை செல்லும். கோடு இடைவிட்டிருக்கும் இடங்களில், இடப்பக்கம் திரும்பும் பிற ஊர்திகளும் தடத்திற்குள் வரலாம். மிதிவண்டிக்காரர் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் அதுவே. பேருந்து ஓட்டுநர் அவரை முன்னரே கண்டு பின்தொடர்ந்து வந்திருப்பார். திரும்பும் கார்க்காரரோ அப்பொழுதுதான் அத்தடத்திற்குள் வருகிறார்.

2022 ஜனவரி 1 முதல் குழுவாகச் செல்லும் மிதிவண்டிகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. ஒற்றை வரிசையில் சென்றால் ஐவர். இருவர் இருவராகச் சென்றால் பதின்மர். ஒரு தடமே உள்ள சாலையிலும், நடைமுறை நேரத்தில் பேருந்துத் தடத்திலும் ஒற்றை வரிசையிலேயே செல்ல வேண்டும். மீறினால் விதிக்கும் தண்டத்தொகை 75 வெள்ளியிலிருந்து 150 வெள்ளியாக உயர்ந்தது. இதன்படி, காலை 9.25 மணிக்கு ஒருவர்பின் ஒருவராகச் செல்ல வேண்டிய இரு நண்பர்கள், 9.35 மணிக்கு அதே ஓரத்தில் தோளோடு தோளாகச் செல்லலாம். சாலை மாறவில்லை, கோடு மாறவில்லை, கடிகாரம் மட்டும் மாறியது. காலத்தைப் பொறுத்து வடிவம் மாறும் உரிமை இது.

ஒற்றை வரிசை விதியால் பேருந்துக்குப் பெரும்பயன் விளையும் எனச் சொல்வதற்கில்லை. மிதிவண்டியை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுக என்னும் வழிகாட்டுதலும் அதே காலத்தில் வந்தது. தடத்தின் அகலத்திற்குள்ளேயே ஒரு பேருந்து அந்த இடைவெளியை விட்டு முந்துவது அரிது; பக்கத்துத் தடத்திற்குள் சாய்ந்தே முந்த வேண்டும். ஆதலின் பேருந்து பெரும்பாலும் பின்னால் ஊர்ந்துவரும். நிறுத்தத்தில் பேருந்து நிற்கும்போது மிதிவண்டி முன்னே செல்லும். மீண்டும் பேருந்து வந்து பிடிக்கும். இவ்வாறு ஒருவரை ஒருவர் முந்தும் ஆட்டமே இரு சாராருக்கும் களைப்பைத் தருகிறது. எனினும் ஒற்றை வரிசை ஒரு பயனை நிச்சயமாகத் தருகிறது: வரிசையின் அகலம் குறைவதால், முந்த நேரும்போது பேருந்து சாய வேண்டிய தொலைவும் குறைகிறது.

2021இல் மற்றொரு வாதமும் எழுந்தது. மிதிவண்டிகளைப் பதிவு செய்து ஓட்டுவோர்க்கு உரிமம் வழங்க வேண்டும் எனப் பலர் கோரினர். இதனை ஆராய்ந்த ஆலோசனைக் குழு வேண்டாம் என்றது, அரசும் ஏற்றது. மின்னாற்றல் துணைகொண்ட மிதிவண்டிக்கோ பதிவு உண்டு, தேர்வும் உண்டு. அதுவும் சாலையில் செல்லலாம். மின்-ஸ்கூட்டர் சாலையிலும் செல்லலாகாது. 2019 நவம்பர் முதல் நடைபாதையிலும் செல்லலாகாது. உணவு கொண்டுசெல்லும் தொழிலாளர் பலர் அப்போது மிதிவண்டிக்கு மாறினர். தொழிற்பேட்டைகளில் விடுதிக்கும் வேலையிடத்திற்கும் இடையே மிதிவண்டியில் செல்லும் வெளிநாட்டு ஊழியரும், அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்தவரும் பலர். விடுமுறை நாளில் பந்தய மிதிவண்டியில் வண்ண உடையணிந்து செல்பவரை மட்டும் மனத்திற்கொண்டு இவ்விதிகளைப் பேசுவோர், விடியற்காலையில் வேலைக்குச் செல்பவரை மறந்துவிடுகின்றனர். 2019 பிப்ரவரி முதல் சாலையில் செல்வோர்க்குத் தலைக்கவசம் கட்டாயம்; அதுவும் இருசாரார்க்கும் ஒன்றே.

ஓரத்திற்கான போட்டியைத் தீர்க்கும் மற்றொரு வழியை லிட்டில் இந்தியாவிற்கு அருகிலுள்ள பென்கூலன் தெருவில் காணலாம். நிலத்தடி ரயில் கட்டுமானத்திற்குப் பின் 2017இல் அத்தெரு மறுபடி திறக்கப்பட்டபோது, நான்கு தடங்கள் இரண்டாகக் குறைந்தன. அவ்விரண்டில் ஒன்று பேருந்துக்கு. காரிடமிருந்து எடுத்த இடத்தில் நடைபாதை அகன்றது. மிதிவண்டிக்குத் தனிப்பாதையும் மிதிவண்டிகளை நிறுத்தும் இடங்களும் அமைந்தன. அங்கே மிதிவண்டிக்காரர் பேருந்துத் தடத்தில் செல்லலாமா என ஐயுற வேண்டியதில்லை. செல்ல வேண்டிய தேவையே இல்லை. ஏறக்குறைய 21.5 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்துவரும் வடக்கு–தெற்குப் பெருவழித் திட்டத்திலும் பேருந்துக்குத் தடமும் மிதிவண்டிக்குத் தனிப்பாதையும் சேர்ந்தே வரையப்பட்டுள்ளன. அவை எட்டாத தெருக்களில் 1974இல் தொடங்கிய ஏற்பாடே நிலவுகிறது: முன்னே மிதிவண்டி, பின்னே பேருந்து, இருவருக்கும் ஒரே ஓரம்.