காற்புள்ளி செய்த கலகம்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டு, திறப்பவர் யாரென்று அறியாது. சாவியின் வெட்டுகளை மட்டுமே அறியும். இணைய வழங்கியும் அத்தகையதே. வந்தவர் முகம் அதன் நினைவில் நிற்பதில்லை. அம்மறதிக்கு மருந்தாக, நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி 1994இல் அமைத்ததே குக்கி. வழங்கி தன் மறுமொழியின் தலைப்பு வரிகளில் ‘செட்-குக்கி’ என்றொரு சிறு குறிப்பை எழுதியனுப்பும். உலாவி அதைக் காத்துவைத்து, மறுமுறை செல்கையில் திருப்பிக் காட்டும்.

அவ்வரியைப் பதம் பிரிப்பதில்தான் சிக்கல் எழுந்தது. புள்ளியும் நிறுத்தக்குறியும் இல்லாத ஏட்டுச்சுவடிகளோடு நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அங்கே குறி இல்லாமையால் வந்த தொல்லை. இங்கே குறி இருந்தமையால் வந்தது. 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2109 என்னும் விதிநூல், பல குக்கிகளைக் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் தொடுக்கலாம் என்றது. நெட்ஸ்கேப் முறையிலோ, குக்கி காலாவதியாகும் நாளை எழுதும்போது கிழமையை அடுத்து ஒரு காற்புள்ளி உண்டு. காற்புள்ளிதோறும் வெட்டினால் கிழமை ஒரு துண்டாகவும் தேதி மறு துண்டாகவும் சிதறிவிடும். 2000இல் வந்த ஆர்எஃப்சி 2965, ‘செட்-குக்கி2’ என்ற புதிய வரியை வகுத்தது. பெரும்பாலான உலாவிகள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

இலக்கியத்தின் பின்னரே இலக்கணம் என்பது நம் மரபு. 2011 ஏப்ரலில் ஆடம் பார்த் எழுதிய ஆர்எஃப்சி 6265 அவ்வழியில் சென்றது. உலாவிகளில் ஏற்கெனவே நிலவிய வழக்கையே விதியாக்கியது. ஒரு வரிக்கு ஒரே குக்கி. முதல் அரைப்புள்ளி வரை உள்ளது பெயரும் மதிப்பும்; அதனுள் முதல் சமக்குறிக்கு முன்னது பெயர், பின்னது மதிப்பு. சமக்குறியே இல்லையெனில் வரி முழுவதும் தள்ளப்படும். எஞ்சியவை அரைப்புள்ளியால் பிரிக்கப்படும் பண்புகள். அறியாத பண்பைக் கண்டால் கடந்துவிட வேண்டும். நாள், மாதம், ஆண்டு, நேரம் ஆகியவற்றைத் தேடியெடுக்கும்போது கிழமை பொருட்படுத்தப்படுவதில்லை. கலகம் செய்த காற்புள்ளி இவ்வாறு அடங்கிற்று.

ஆயினும் வழக்குக்கு இணங்குவதிலும் ஓர் இழப்பு உண்டு. நாம் பார்க்கும் பக்கத்திற்கு உரியதல்லாத அயல் தளங்களின் குக்கிகளைத் தானாக ஏற்கலாகாது என்று 1997ஆம் ஆண்டின் நூல் எச்சரித்திருந்தது. உலாவி செய்தோர் அதைப் புறக்கணித்தனர். விளம்பர நிறுவனங்கள் நம் தடங்களைப் பின்தொடரும் வழி திறந்தது. 2011ஆம் ஆண்டின் நூலும் அம்முடிவை உலாவிகளிடமே விட்டுவிட்டது. பிழையான காற்புள்ளியைப் பொறுத்துக்கொள்வது பெருந்தன்மை. நம்மைப் பின்தொடரும் கண்ணையும் வழக்கென்று பொறுத்துக்கொள்வதற்கு வேறு பெயர் உண்டு.