டார்ச் லைட்டால் வானத்தை அளந்த கதை

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்புதான். சாப்பாட்டு மயக்கத்தில் இருந்த எங்களைப் பார்த்து ஒளியியல் பேராசிரியர் கேட்டார்: "முப்பது கிலோமீட்டர் உயரத்துல காத்து எவ்வளவு அடர்த்தின்னு தரையில உட்கார்ந்துகிட்டே அளக்க முடியுமா?"

"முடியாது சார்" என்று முதலில் எழுந்து சொன்னவன் நான்.

"முடியும்ப்பா. நல்ல டார்ச் லைட் ஒண்ணு போதும்" என்றார். வகுப்பே சிரித்தது. மணியும் அடித்துவிட்டது.

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆயிற்று.

1930இலேயே எட்வர்ட் சிங் என்ற அயர்லாந்துக்காரர் இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார். சர்ச் லைட்டை வானத்தை நோக்கி அடித்து, காற்று மூலக்கூறுகள் சிதறடிக்கும் ஒளியைத் தொலைவிலிருந்து கண்ணாடியால் சேகரித்தால் மேல்காற்றின் அடர்த்தி தெரியும் என்றார். 1937இல் அமெரிக்காவின் ஹல்பர்ட் 28 கிலோமீட்டர் உயரம் வரை அந்த ஒளிக்கற்றையைப் படம்பிடித்தே காட்டிவிட்டார்.

1960இல் மெய்மனின் ரூபி லேசர் வந்தது. அதைக் குறுந்துடிப்புகளாக விடக் கற்றபின் கணக்கு சுலபமாயிற்று. ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப வேண்டுமென்பதால், மைக்ரோ நொடிக்கு 150 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். பேராசிரியர் கேட்ட முப்பது கிலோமீட்டருக்கு 200 மைக்ரோ நொடி, அவ்வளவுதான்! இதுதான் லைடார். 1963இல் எம்.ஐ.டி.யில் ஃபியோக்கோவும் ஸ்மல்லினும் இதை மேல்வானத்தில் செய்து பார்த்தார்கள். அதே ஆண்டு பாலித் தீவில் ஆகுங் எரிமலை வெடித்தது. ஃபியோக்கோவும் கிராம்ஸும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரத்தில் நுண்துகள் அடுக்கு ஒன்றைக் கண்டார்கள்.

இதில் நம்ம திருச்சியில் பிறந்த சி.வி. ராமனுக்கும் பங்குண்டு. 1928இல் அவர் கண்ட விளைவின்படி, 532 நானோமீட்டர் பச்சை ஒளி பட்டால் நீராவி அதில் துளியூண்டை 660 நானோமீட்டர் சிவப்பாக மாற்றித் திருப்புகிறது. அந்தச் சிவப்பை மட்டும் பிரித்து எண்ணினால் காற்றில் எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடலாம்.

2003இல் ஒரு குழுவோடு திருப்பதி பக்கம் காதங்கி ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். 1998இல் ஜப்பானியர் ஒத்துழைப்போடு அங்கே லைடார் அமைத்திருந்தார்கள். இருட்டினதும் பச்சை ஒளி கம்பு நட்டது போல நேரே மேலே போயிற்று. வானத்தில் மேகமே இல்லை என்று நினைத்தேன். திரையில் ஓடிய கோட்டில் ஒரு மேட்டைக் காட்டி, "இது 15 கிலோமீட்டர்ல இருக்கிற பனிப்படிக மேகம் சார். கண்ணுக்குத் தெரியாது" என்றார் அங்கிருந்த இளைஞர்.

"முப்பது கிலோமீட்டர் எங்கே இருக்கு தம்பி?"

"இதோ" என்று விரலை மேலே நகர்த்தினார். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஊர் திரும்பியதும் பேராசிரியருக்குக் கடிதம் எழுத முகவரி விசாரித்தேன். அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இதெல்லாம் வெறும் வேடிக்கை இல்லை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினதுபோ வெடித்துக் கக்கிய கந்தக டை ஆக்சைடு ஒன்றரை முதல் இரண்டு கோடி டன். உலகின் பல இடங்களில் இருந்த லைடார்கள் அந்தத் துகள் போர்வை பரவியதையும் மெல்லக் கலைந்ததையும் அளந்தன. பூமி சுமார் அரை டிகிரி குளிர்ந்த காரணம் அப்படித்தான் உறுதிப்பட்டது. 2006 முதல் 2023 வரை கலிப்ஸோ விண்கலம் மேலிருந்தே இந்த வேலையைச் செய்தது. 2024 மே மாதம் எர்த்கேர் ஏவப்பட்டது.

மாணவச் செல்வங்களே, வாத்தியார் சொல்வது அபத்தமாகத் தோன்றினால் சிரிப்பை ஒரு நிமிஷம் அடக்கிக்கொண்டு "எப்படி சார்?" என்று கேட்டுவிடுங்கள். அந்த இரண்டு வார்த்தையை அன்று நான் கேட்கவில்லை.