கீச்சொலியின் வரலாறு

பழைய புல்லட்டின் எஞ்சின் முழக்கத்தைப் போற்றும் நாம், அதன் கீச்சொலியை எரிச்சலோடு கடந்துவிடுகிறோம். அந்த ஒலிக்கும் ஒரு வரலாறு உண்டு.

பின்சக்கரத்தை ஸ்விங் ஆர்மில் தாங்கிய 350 சிசி புல்லட்டை இங்கிலாந்தின் ரெட்டிச் தொழிற்சாலை 1949இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்திய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவப்பட்டது. சென்னை திருவொற்றியூரில் வண்டிகள் உருவாயின. இங்கிலாந்தில் 1970இல் உற்பத்தி நின்ற பின்னரும் இங்கே பழைய வடிவமே நீடித்தது. அதனுடன், உரிமையாளர் தவறாமல் கிரீஸ் இடுவார் என்ற எதிர்பார்ப்பும் நீடித்தது. பிரேக் மிதியிலும் பிரேக் கேமிலும் காணப்படும் கிரீஸ் நிப்பிள்கள் அதற்குச் சான்று. அவ்வழக்கம் அருகியபோது உலோகம் உரசிக் கீச்சிடலாயிற்று.

ஒலியின் இடத்தை அறிவது எளிது. எஞ்சினை அணைத்துவிட்டு இருக்கையை அழுத்தும்போது ஒலித்தால், சீட் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்விங் ஆர்ம் புஷ் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழற்றும்போது ஒலித்தால், செயினையும் பிரேக்கையும் பார்க்கவேண்டும். பிரேக் கம்பியைத் தளர்த்தியதும் ஒலி மறைந்தால் குறை பிரேக்கில்தான்.

வறண்ட ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் போதும். தேய்ந்த புஷ்ஷை மாற்றியே ஆகவேண்டும். பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் விட்டாலோ ஒலி அடங்கும், வண்டி நிற்காது. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும். அத்தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும்.

ஒலியை அடக்குவது வேறு, குறையைத் தீர்ப்பது வேறு. இவ்வேறுபாட்டைச் செவியால் அறியும் பழக்கம் நம்மிடமிருந்து மறைந்தால், அவ்வண்டிகள் வெறும் காட்சிப்பொருள்களாகவே எஞ்சும்.